இளிவரலும் பெருமிதமும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சங்க மண்டபத்தின்கண் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவனை மேடைக்கு அழைத்தால் அவன் இலக்கியமோ திருமுறையோ பேசி அமர்வான் என்று எண்ணியே நம் செயலாளர் அவர்கள் எம்மை அழைத்திருப்பார்கள். அவ்வெண்ணத்தை யாம் முற்றும் பொய்ப்பிக்கப் போவதில்லை. தொல்காப்பியத்தில் தொடங்குவோம், இம்மண்டபத்தின் வாயிற்படியில் வந்து முடிப்போம். இடையே எம் குடும்பத்துச் செய்தி ஒன்றும் சொல்ல நேரும். அஃது எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதனை மறைத்துவிட்டு ஏனையோரைத் திருத்தப் புகுவது முறையன்றாதலின் சொல்லத் துணிந்தோம். பொறுத்தருள்க.

ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் மாந்தர்தம் உள்ளத்தெழுந்து உடலிற் புலப்படும் உணர்ச்சிகளை எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள் ஒன்று இளிவரல்; மற்றொன்று பெருமிதம். இளிவரலாவது தன்னைத் தானே தாழ்வாக எண்ணிக் குறுகுதலும், பிறரை அவ்வாறு எண்ணி முகஞ்சுளித்தலும் ஆம். அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கன்பாற் பிறக்கும் என்றார். பெருமிதமோ கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கன்பாற் பிறக்கும் என்றார். தறுகண் என்பது அஞ்சாமை. இந்நான்கனுள் எதனைப் பெறுதற்கும் கால் இரண்டு வேண்டும் என்றோ, கண் இரண்டு வேண்டும் என்றோ, செவி கேட்க வேண்டும் என்றோ அவர் விதி செய்திலர். இதனை நினைவிற் கொள்ளுங்கள். உடற்குறை உடையாரைக் காணுந்தோறும் நாம் அவரை இளிவரலின்பாற் சார்த்தியே பழகிவிட்டோம். அவர் பெருமிதத்திற்கு உரியர் என்பதும், அவரைக் குறுகச் செய்தது அவர் உடம்பன்று, நம் செய்கையே என்பதும் இன்று யாம் சொல்ல வந்த பொருள்.

முதற்கண் இவ்வவையைச் சற்றே நோக்குங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆயிரவர்க்குப் பதினாறு பேர் என்று கொள்ளலாம். இங்கே பல நூறு பேர் கூடியிருக்கின்றோம். சக்கர நாற்காலியில் வந்தவர் ஒருவரேனும் உளரோ? வெண்கோல் ஊன்றி வந்தவர் உளரோ? கைச்சைகையாற் பேசுவோர் உளரோ? யாம் இம்மேடையினின்று நோக்குங்கால் ஒருவரையும் காண்கிலோம். நம் மரபில் அத்தகையோர் பிறக்கவே இல்லை என்பது இதன் பொருளாகாது. அவர்கள் வீட்டில் இருக்கின்றார்கள். நாம் அவர்களை வீட்டில் விட்டு வந்திருக்கின்றோம்.

மேலும், வடசென்னையாகிய நம் பகுதி உழைப்பாளர் பகுதி. துறைமுகத்துச் சுமைதூக்கிகளும், இராயபுரத்து மீன்பிடி துறைமுகத்தாரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளரும் நம் உறவினர். எந்திரத்தில் விரல் போயினாரும், பாரந்தூக்கி முதுகெலும்பு முறிந்தாரும் நம் தெருக்களில் எத்துணையர்! ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை மருத்துவத்திற்கெனத் தனிப் பிரிவு ஒன்று தோன்றி, பேராசிரியர் இரா. வெங்கடசாமி அவர்களின் அரிய முயற்சியால் நாடறிய வளர்ந்தது. அப்பிரிவு வடசென்னையில் வளர்ந்ததன் காரணத்தை நம் ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை வகுத்திருந்தது. கட்டைவிரல் போயின், சம்பாத்தியத் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு இழப்பு என்று அது கணக்கிட்டது. விரலுக்கு விலை கூறிய சட்டம் உண்டு. அவ்விரல் போனபின் விருந்திற்குச் செல்லவும் கைகூப்பவும் நாணி மூலையில் ஒதுங்கும் மனிதனது இழப்பிற்குக் கணக்கெழுதிய சட்டம் யாண்டும் இல்லை. ஆதலின், இப்பொருள் யாரோ சிலரைப் பற்றியது என்று ஒருவரும் எண்ணற்க. முதுமை எய்தும்வரை உயிர் வாழும் பேறு பெற்றார் அனைவரும் ஒருநாள் கோலூன்ற வேண்டியவரே.

இனி, நம்மவர் சிலர், "ஐயா, இஃது அவரவர் முன்வினை, நாம் என் செய்வது?" என்பர். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் இழுக்காகாது, அறியத்தக்கன அறிந்து முயலாமையே இழுக்காகும் என்னும் கருத்தை வைத்தார். பொறி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். பிற்காலத்தார் பலர் உடலுறுப்பு எனக் கொண்டனர். எப்பொருள் கொள்ளினும் எமக்கு உடன்பாடே. விதியாயினும் ஆகுக, உறுப்பாயினும் ஆகுக, அதுபற்றி ஒருவரைப் பழித்தல் தகாது என்பதே இருவகை உரைக்கும் முடிபு. வினையை எடுத்துக்காட்டிப் பழிப்பாரை வள்ளுவர் இரு வழியாலும் அடைத்துவிட்டார்.

அவர்கள் அங்ஙனம் விடுவார்களோ? "நம் திருவொற்றியூரிலேயே சான்று இருக்கின்றதே, சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்தது தண்டனையால் அன்றோ?" என்பர். நன்று, அவ்வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை கண்டு வளர்ந்தவர்கள் நாம். மகிழ மரத்தடியில், பிரியேன் என்று சங்கிலியார்க்குச் சூளுரைத்த நம்பியாரூரர், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து, சூளுறவு தப்பித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்ணும் ஒளி இழந்தார். இது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. சூளுரைத்தவர் அவர், தப்பியவரும் அவர். தொட்டிலிற் கிடக்கும் இரண்டாண்டுக் குழவி யாருக்கு என்ன சூளுரைத்தது? ஒருவர் வரலாற்றை எடுத்து உலகத்துக் குழந்தைகள் அனைவர்மீதும் சுமத்துதல் புராணம் கற்றார் செயலாகாது.

அன்றியும், அதன்பின் நிகழ்ந்ததை அன்றோ நாம் ஊன்றி நோக்க வேண்டும்? கண்ணிழந்த நம்பியை எவரும் ஓர் அறையில் இருத்திக் கதவடைக்கவில்லை. அவர் நடந்தார், வழியில் தலந்தோறும் பாடினார். திருவெண்பாக்கத்தை அடைந்து இறைவனிடம் கண் கேட்டார். கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். அதற்காக அவர் இறைவனோடு வழக்காடினார். இரப்பவராக நின்று வழக்காடவில்லை. தோழர் என்னும் உரிமையால் வழக்காடினார். பின்னர்க் கோலை ஊன்றிக்கொண்டே காஞ்சி நோக்கிச் சென்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். அவர் பார்வையற்று நடந்த வழி நெடுக நம்பி நம்பியாகவே இருந்தார். அவர்தம் வரிசையில் ஓர் எள்ளளவும் குறைந்திலது. அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் இருந்த இடம் 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. கோயிலைப் பெயர்த்துக் கரையில் அமைத்தனர். அங்கே இறைவன் திருப்பெயரே ஊன்றீசுவரர் என வழங்குகின்றது. அந்நீர்த்தேக்கத்து நீரையே சென்னையில் நாம் பருகுகின்றோம்.

இவ்வரலாற்றில் யாம் கண்ட நுட்பம் ஒன்றே. கண் கொடுத்தல் இறைவன் செயல்; ஒரோவழி மருத்துவன் செயல். ஊன்றுகோல் கொடுத்தல் மாந்தர் செயல். நாம் கண் கொடுக்க இயலாமையை முன்னிட்டு ஊன்றுகோலும் கொடாமல் இருந்துவிட்டோம். "குணமாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று பல உயிர்களின் பயணத்தையே நிறுத்தி வைத்துவிட்டோம்.

இனி, பெருமிதத்தின் நான்கு நிலைக்களங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது கல்வி. இரட்டைப் புலவர் எனப்படும் முதுசூரியர், இளஞ்சூரியர் இருவருள் ஒருவர் பார்வையிலார், மற்றவர் நடக்கமாட்டார். ஒருவர் தோள்மேல் ஒருவர் இருந்து ஊர்கள்தோறும் சென்று, தில்லைக் கலம்பகம் முதலியன பாடினர். தொண்டை நாட்டில் தோன்றிய அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், பழனியில் இளமையிலே அம்மை நோயாற் கண்ணிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் தம் காலத்துப் புலவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர்கள். நம் காலத்தே, சென்னையிற் பிறந்து வளர்ந்த பெனோ செபின் அம்மையார், முற்றும் பார்வையிலராயிருந்தும், 2015-ஆம் ஆண்டு இந்திய அயலுறவுப் பணியில் அமர்ந்தார். அத்தகையோருள் அப்பணியில் முதல்வர் அவரே. இவர்கட்குக் கல்வி வந்தது எவ்வாறு? ஒருவர் படித்துக் காட்டினார். அல்லது தடவிப் படிக்கும் எழுத்துக் கிடைத்தது. அல்லது எழுத்தைப் பேசவைக்கும் கணினி கிடைத்தது. அஃதாவது, ஊன்றுகோல் கிடைத்தது.

இரண்டாவது தறுகண். அமெரிக்க நாட்டில் 1990-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் ஓர் அரிய காட்சி நிகழ்ந்தது. உடற்குறை உடையார்க்கு உரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்தது. மாற்றுத்திறனாளிகள் பலர் வாசிங்டன் நகரத்து நாடாளுமன்றப் படிக்கட்டின் அடியில் தங்கள் சக்கர நாற்காலிகளையும் தாங்குகோல்களையும் விடுத்து, கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து படியேறினர். அவருள் எட்டாண்டுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவர்கள் இரக்கம் வேண்டித் தவழ்ந்திலர். 'நாணவேண்டியது எம் கால் அன்று, உம் படி' என்று உலகிற்குக் காட்டவே தவழ்ந்தனர். அவ்வாண்டு சூலை 26-இல் அச்சட்டம் நிறைவேறியது. சூலைத் திங்களை அந்நாட்டார் மாற்றுத்திறனாளிகள் தம் பெருமிதத்தைக் கொண்டாடும் திங்களாகக் கொண்டு வருகின்றனர்.

நம் சென்னையிலும் அத்தகைய தறுகண்மை உண்டு. நகரப் பேருந்தின் உயரமான படியில் ஏறவியலாமற் பல்லாண்டு வீட்டிலிருந்தோர் சார்பாக வைஷ்ணவி ஜெயக்குமார் முதலியோர் உயர்நீதிமன்றத்தில் வழக்காடினர். சாலைத்தரையினின்று 400 மில்லிமீட்டரே உயர்ந்த தளமுடைய தாழ்தளப் பேருந்துகள் வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் மாநகரில் ஓடத் தொடங்கின. 2025 சூன் 30-இல் நம் அருகிலுள்ள வியாசர்பாடிப் பணிமனையினின்றே மின்சாரத்தால் இயங்கும் தாழ்தளப் பேருந்துகள் 120 புறப்பட்டன. இன்று முழங்கால் நோவுடைய நம் பாட்டியார் அப்பேருந்தில் எளிதாக ஏறியமரும்போது, யாரோ சிலர் வழக்காடியதன் பயனைத் தாம் நுகர்வதாக அறியார். ஒருவர்க்கெனக் கேட்ட நீதி பலர்க்கும் நிழலாயிற்று.

மூன்றாவது புகழ். சேலம் மாவட்டத்துச் சிற்றூரிற் பிறந்து ஐந்தாம் அகவையிற் பேருந்தேறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ நகரத்துப் பாரா ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரந் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். அடுத்த இரு போட்டிகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். 2024-இல் பாரிசு நகரத்தில் இறகுப்பந்துப் போட்டியின் ஒரே பிரிவில், காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூர் மனிசா இராமதாசு வெண்கலமும் வென்றனர். இவர்கள் பெயரை நம் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது கொடை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீசு அம்மையார் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தால் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவைகள் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்று, அங்கே அத்துறையை நிறுவி நடத்தினார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்த ச. இராமகிருஷ்ணன், தம் ஊராகிய ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிப் பல்லாயிரவர்க்கு ஊன்றுகோலானார். கை நீட்டி ஏற்போர் என்று நாம் எண்ணியவர்கள் கை நிறையக் கொடுத்தனர்.

அன்பர்களே! இவ்வரலாறுகளைக் கேட்டுக் கைதட்டினீர்கள். கைதட்டுதல் எளிது. பதக்கம் பெற்றாரைப் போற்றப் பகைவனும் உடன்படுவான். பதக்கம் பெறாதார்க்குப் பெருமிதம் இல்லையோ? எட்டடி தாண்டினால்தான் ஒருவனை மனிதனாக மதிப்போம் என்பது மற்றொரு கொடுமையன்றோ? இவ்விடத்தேதான் யாம் எம் குடும்பத்துச் செய்தியைச் சொல்ல வேண்டியவராகின்றோம்.

எமக்கு மூத்த தமக்கையார் ஒருவர் உளர். எம்மினும் எட்டாண்டு மூத்தவர். இரண்டாம் அகவையில் இளம்பிள்ளைவாதங் கண்டு இரு கால்களும் வலுவிழந்தன. இந்நாட்டில் அந்நோய் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 சனவரியில். 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. எம் தமக்கையார் காலத்தில் அது தெருவுக்கு ஒருவரைத் தீண்டியது. இராயபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த எம் வீட்டில், எமக்கு அரிச்சுவடி கற்பித்தவர் அவரே. நிகண்டும் நீதி நூலும் அவர் வாய்ப்பாடமாகச் சொல்ல யாம் கேட்டுக் கற்றோம். எம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதும் அவர் பிடிவாதமே. இன்று இம்மேடையில் யாம் பண்டிதனாக நிற்பது அவர் இட்ட பிச்சை.

1997-ஆம் ஆண்டு எம் இரண்டாவது தமக்கையைப் பெண் பார்க்க வந்தனர். "மூத்தவளைக் கண்டால் சம்பந்தம் தவறிப்போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சினர். எம் பெரிய தமக்கையாரைப் பின்கட்டு அறையில் இருத்திக் கதவைச் சாத்தினர். சாத்தித் தாழிட்டது இக்கைதான். அப்போது எமக்குப் பதினேழு அகவை நிரம்பியிருந்தது. அறியாச் சிறுவன் என்று சொல்லித் தப்ப இயலாது. இரண்டரை நாழிகை கழித்துத் தாழ் நீக்கினோம். அவர் அழவில்லை, சினக்கவும் இல்லை. "அவங்க போயிட்டாங்களா, தம்பி? பலகாரம் எல்லாருக்கும் போதுமா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியை யாம் இன்றளவும் மறந்திலோம்.

அத்திருமணம் இதே மண்டபத்தில் நடந்தது. வாயிலில் ஏழு படிகள், இன்றும் ஏழே. இரண்டு ஆடவர் எம் தமக்கையாரை நாற்காலியோடு தூக்கினர். படியிற் கால் இடறி நாற்காலி சாய்ந்தது. ஊரார் காண அவர் சேலை குலைந்தது. தூக்கினவர் மனத்திற் குற்றமில்லை. அவர்கள் அன்பராகவே தூக்கினர். ஆயினும் அதன்பின் எந்தத் திருமணத்திற்கும், எந்த வளைகாப்பிற்கும், எம் பிள்ளைகளின் காதணி விழாவிற்கும் அவர் இங்கே அடிவைக்கவில்லை. கேட்டால், "உடம்புக்கு முடியவில்லை" என்பார். முடியாதது உடம்புக்கு அன்று என்பதை யாம் அறிவோம்.

இனி மற்றொரு நாளைச் சொல்கின்றோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையினின்று விம்கோ நகர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு திருவொற்றியூர்த் தேரடி நிலையமும் திறந்தனர். நிலையத்தில் மின்தூக்கி உண்டு. மேடையும் வண்டித் தளமும் ஒரு மட்டத்தில் நிற்கும். பார்வையிலார் கோலால் தடவி அறியும் வரிக்கற்கள் தரையிற் பதிக்கப்பட்டுள்ளன. 2023 சனவரியில் ஒருநாள் எம் தமக்கையார், மின்கலத்தால் இயங்கும் தம் நாற்காலியில் எவர்க்கும் சொல்லாமற் புறப்பட்டார். தேரடியில் ஏறி நந்தனத்தில் இறங்கிப் புத்தகக் காட்சிக்குச் சென்றார். மாலையில் மடியில் நூல்களோடு மீண்டார். பதறிப்போய் நின்ற எம்மை நோக்கி அவர் சொன்னது இது: "தம்பி, இன்னிக்கு நான் யாருக்கும் நன்றி சொல்லல."

தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருபதாண்டுக்கு மேல் இருந்தும் பெருமிதம் என்னும் சொல்லுக்கு யாம் அன்றுதான் பொருள் உணர்ந்தோம். தூக்கிவிட்டார்க்கும், தள்ளிவிட்டார்க்கும், வழிவிட்டார்க்கும் ஐம்பதாண்டுக் காலம் ஓயாது நன்றி சொல்லிச் சொல்லித் தேய்ந்த நா ஒருநாள் ஓய்ந்தது. அவ்வோய்வே பெருமிதம். அவர் எந்த மலையையும் தாண்டவில்லை. ஒரு புத்தகக் கடைக்குப் போய்வந்தார். ஏனையோர் நாடோறும் எண்ணாமற் செய்வதை அவரும் எண்ணாமற் செய்தார். அவர் கால் மாறிற்றில்லை, வழி மாறிற்று.

ஆதலால், உதவி என்பது வேறு. வழி என்பது வேறு என்று அறிக. உதவியில் ஒருவர் கை மேலும் ஒருவர் கை கீழும் இருக்கும். வழியில் இருவரும் ஒப்ப நடப்பர். தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஏற்றுத் தனித்துறையும் அமைத்தது. நல்ல சொல், நாமும் வாயார வழங்குகின்றோம். ஆயினும் நாம் சொல்லை மாற்றினோம், படியை மாற்றினோமில்லை. 2016-ஆம் ஆண்டு மைய அரசு இயற்றிய உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கணக்கிற் கொண்டது. அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்கியது. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்றது. 2024 நவம்பர் 8-இல் உச்சநீதிமன்றம், இவ்வணுகுதலுக்குரிய அடிப்படை நெறிகள் விரும்பினாற் செய்வனவாக இருத்தல் கூடாது, கட்டாயமாக்கப்படல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் நம் வாயிலுக்கு வந்துவிட்டது. உள்ளே ஏற முடியாமற் படியடியில் நிற்கின்றது.

இனி, இச்சங்கத்தின்முன் யாம் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று, சாய்தளம். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நம் படிகள் ஏழும் அரையடி வீதம் மூன்றரையடி உயரம். ஆதலின் நாற்பத்திரண்டடி நீளம் வேண்டும். மண்டபத்தின் வடபுறத்துச் சந்தில் அதனை இரண்டாக மடித்து, இடையில் இளைப்பாறும் சமதளம் ஒன்று வைத்துக் கட்டலாம். அகலம் நான்கடிக்குக் குறையலாகாது. இருமருங்கும் கைப்பிடி வேண்டும். கழிப்பறை ஒன்றன் கதவை மூன்றடி அகலமாக்கி உள்ளே பிடிகம்பி பதிக்க வேண்டும். "அத்தனை செலவு செய்தும் வருபவர் ஒருவரோ இருவரோ" என்பர் சிலர். பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று, அக்கரைக்குப் போவார் எவரும் இலர், பாலம் எதற்கு என்று கேட்பது போன்றதே இது. அன்றியும் மூப்படைந்தோரும், கருவுற்ற மகளிரும், அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றும் சமையற்காரரும் அச்சாய்தளத்தையே நாடுவர். இம்மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் பிற மரபினரும் பயன்கொள்வர். நம் சங்கத்திற்கு அதனினும் சிறந்த புகழ் எது?

இரண்டு, நம் திருமணப் பதிவேடு. "குடும்பத்தில் ஊனம் உண்டா?" என்று கேட்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு, அவ்வினாவே எம் தமக்கையாரைத் தாழிட்ட தாழ். அதனை இன்றோடு ஒழிப்போம். குடும்பப் பட்டியலில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் பிறந்த முறைப்படி இடம்பெறட்டும். மாற்றுத்திறனாளி இளைஞரும் மகளிரும் தமக்கும் மணம் வேண்டிப் பதிய வரின், ஏனையோரைப் போலவே வரவேற்கப்படட்டும். மூத்தவளைக் கண்டு ஓடுகின்ற சம்பந்தம் ஓடட்டும். அது வந்து சேர்வதினும் ஓடுவது நன்று.

மூன்று, கல்வி. சங்கத்துப் பரிசும் உதவித்தொகையும் வழங்கும்போது, வகுப்பறை மாடியில் இருந்தமையாற் பள்ளியை விட்ட பிள்ளை நம்மில் எவரேனும் உண்டா என்று தேடிச் செல்ல வேண்டும். ஆசிரியன் என்ற முறையில் யாமும் இதிற் பிழை செய்துள்ளோம். தாங்குகோலோடு வந்த மாணவன் ஒருவனைச் சுற்றுலாவினின்று, 'அவன் நன்மைக்காக' என்று சொல்லி விலக்கினோம். அவன் நன்மையை அவனைக் கேளாமலே முடிவு செய்தோம். இனி அது வேண்டா. நம் திங்களிதழைப் பார்வையிலார் கேட்டு மகிழுமாறு ஒலிப்பதிவாகவும் வெளியிடுதல் வேண்டும். படித்துப் பதிவு செய்யும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

நான்கு, ஆட்சிக்குழு. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, ஊராட்சியிலும் நகர மன்றங்களிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டத் திருத்தம் செய்தது. ஊராளும் மன்றத்தில் இடம் உண்டெனில் நம் ஆட்சிக்குழுவில் இடம் இல்லாதிருப்பது எங்ஙனம்? சாய்தளம் எங்கே அமைதல் வேண்டும் என்பதை அதில் ஏறப்போகின்றவர் சொல்லட்டும். அவரைப் பற்றிய எந்த முடிவும் அவரின்றி எடுத்தல் ஆகாது.

இவற்றுள் ஒன்றும் நம் ஆற்றலுக்கு மேற்பட்டதன்று. சென்ற ஆண்டு இம்மண்டபத்தின் முகப்பிற்குப் பளிங்குக்கல் பதித்தோம். ஏழு படிகளும் பளபளக்கின்றன. அழகிய படிகள்தாம். எம் தமக்கையார் அவற்றின் அழகை இன்னும் கண்டிலர்.

புறப்படும்போது அவரிடம், "இன்று உன்னைப் பற்றிப் பேசப் போகின்றேன், அக்கா; ஒப்புவாயா?" என்று கேட்டோம். "பேசு, ஆனா பாவம்னு சொல்லாதே" என்றார். அவ்வாணையை மீறாமற் பேசினோம் என்று நம்புகின்றோம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இத்தலைப்பில் யாம் பேச வேண்டா, அவர் பேசட்டும். எம்மினும் நன்றாகவே பேசுவார். அவர் இம்மேடைக்குத் தாமே வந்து சேர நாற்பத்திரண்டடி வழி வேண்டும். அதற்கு முதற்கல்லாக எம் ஒரு திங்கள் ஊதியத்தை இதோ பொருளாளர் கையில் ஒப்புவிக்கின்றோம். எஞ்சிய வழியை நீங்கள் அமைத்துத் தருக.